அடி வாங்கியது விபத்தா?

கொஞ்சம் நீளமான பதிவு இது. வரலாறும் சட்டமும் கலந்தது. வகுப்பில் பாடம் எடுத்த பழக்கம் விடாது, மெதுவாகத்தான் சொல்வேன். வீட்டில் செவிலியரோ, டாக்டரோ, ஆயாம்மாவோ, வார்டு உதவியாளரோ இருந்தால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

'நோயாளியின் உறவினர் தாக்கியதில் செவிலியர் காயம்' என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். படித்ததும் நமக்கு வருகிற கேள்வி, அடித்தவனைப் பிடித்தார்களா என்பதுதான். மறுநாள் ஊழியர்கள் வாயிலில் நின்று கோஷம் போடுவார்கள். அதிகாரி வந்து பேசுவார். போராட்டம் முடியும். அடிபட்ட சிஸ்டருக்கு அந்த மாதச் சம்பளம் வந்ததா, கை பழையபடி மடங்குகிறதா, மடங்காவிட்டால் அவருக்கு யார் என்ன கொடுப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. செய்தித்தாளும் அதை எழுதுவதில்லை.

ஆலையில் இயந்திரத்தில் கை போனால் நட்டஈடு உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது விபத்து. ஆனால் மனிதன் வேண்டுமென்றே அடித்தால் அது விபத்தா? குற்றமல்லவா? குற்றமென்றால் வேலை கொடுத்தவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதில் கிடைத்த வழக்கு, ஒரு பள்ளி ஆசிரியரின் சாவைப் பற்றியது என்பதால் எனக்கு அதில் தனி அக்கறை.

*

அயர்லாந்தில் ட்ரிம் என்று ஒரு சிற்றூர். அங்கே ஏழைப் பிள்ளைகளைத் தங்க வைத்துத் தொழிலும் படிப்பும் சொல்லிக்கொடுத்த ஒரு பள்ளி. கெல்லி என்பவர் அங்கே உதவி ஆசிரியர். பாடம் நடத்துவதோடு, விளையாட்டு முற்றத்தில் பையன்களைக் கவனித்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அவர் கண்டிப்பு பிடிக்காத சில பையன்கள் கூடிப் பேசி வைத்து, 1912-இல் ஒரு நாள் முற்றத்தில் அவர் நின்றிருந்தபோது அடித்தார்கள். அவர் இறந்துபோனார்.

அவர் வருமானத்தை நம்பியிருந்த குடும்பம், 1906-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி பள்ளி நிர்வாகத்திடம் பணம் கேட்டது. நிர்வாகம் சொன்ன வாதம் எளிமையானது. சட்டம் 'வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்த விபத்து' என்கிறது. இதுவோ திட்டம் போட்டுச் செய்த தாக்குதல். திட்டம் போட்டது எப்படி விபத்தாகும்?

வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. 1914-இல் தீர்ப்பு. ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் குடும்பத்தின் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஆள் வித்தியாசம். பெரும்பான்மையினர் சொன்னதன் சாரம் இதுதான்: விபத்து என்ற சொல்லை அடித்தவன் பக்கம் நின்று பார்க்காதே, அடிபட்டவன் பக்கம் நின்று பார். பையன்களுக்கு அது திட்டம். கெல்லிக்கு அது எதிர்பாராமல் வந்து விழுந்த துன்பம். அடங்காத பிள்ளைகளை அடக்கி நடத்துவது அவர் வேலை. அந்த வேலையிலேயே இப்படி ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. எனவே அது வேலை காரணமாக வந்த விபத்துதான்.

இந்தத் தீர்ப்பு வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முன் இரண்டு வழக்குகள் பாதை போட்டிருந்தன. 1905-இல் ஒரு ரயில் எஞ்சின் ஓட்டுநர். பாலத்தின் மேலிருந்து ஒரு பையன் போட்ட கல் அவரைக் காயப்படுத்தியது. விபத்துதான் என்றது நீதிமன்றம். 1910-இல் ஒரு நிலக்கரி நிறுவனத்தின் காசாளர். தொழிலாளர் சம்பளப் பணத்தை ரயிலில் கொண்டு போகும்போது கொலை செய்யப்பட்டார். பணப்பையோடு போவது அவர் வேலை, பணப்பைக்குப் பின்னால் திருடன் வருவான் என்பது அந்த வேலையின் ஆபத்து, எனவே நட்டஈடு உண்டு என்றது நீதிமன்றம். எஞ்சின் ஓட்டுநர், காசாளர், ஆசிரியர் என்று மூன்று பேர் காயத்தால் இந்த விதி பிறந்தது. செவிலியர் வழக்கும் இதே விதியின் கீழ்தான் வரவேண்டும்.

*

இந்த நட்டஈட்டுச் சட்டங்களே அப்போது புதியவை. அதற்கு முன், அடிபட்ட தொழிலாளி முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். கூலிக்காரனால் ஆகிற காரியமா அது? ஜெர்மனி 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் போட்டது. இங்கிலாந்து 1897-இல். பிரான்ஸ் 1898 ஏப்ரல் 9-இல். மூன்றுக்கும் அடிப்படைக் கருத்து ஒன்று. தவறு யாருடையது என்று தேடாதே. தொழில் என்றால் அதில் ஆபத்து உண்டு. தொழிலால் லாபம் பெறுபவர் அந்த ஆபத்தின் செலவையும் ஏற்கட்டும்.

நம் முதலியார்பேட்டை ரோடியர் மில் தொடங்கியதும் அதே 1898-இல்தான். அன்றைக்குத் தொழிலாளி என்றால் சட்டம் எழுதியவர்கள் மனதில் வந்த உருவம் ஆலைத் தொழிலாளிதான். பிரெஞ்சுச் சட்டம் ஆலை, சுரங்கம், கட்டடம், போக்குவரத்து என்றுதான் தொடங்கியது. இந்தியாவில் ஆங்கிலேயர் 1923-இல் கொண்டுவந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் ரயில், ஆலை, சுரங்கம், கப்பல், துறைமுகம் என்று பட்டியல் போட்டது. தீயணைப்பு வீரரை நினைத்தார்கள். இரவு முழுக்க வார்டில் தனியாக நிற்கும் செவிலியரை நினைக்கவில்லை. அது தொண்டு, தியாகம், சேவை. சேவைக்கு ஏது நட்டஈடு என்பது அன்றைய மனநிலை. இன்றும் அது முழுதாகப் போய்விட்டதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

புதுச்சேரியில் தொழிலாளி உரிமை சும்மா வரவில்லை. 1936 ஜூலை 30-இல் சவானா மில் முன்னால் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரைக் கொடுத்தார்கள். வ.சுப்பையா போன்றவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகு 1937 ஏப்ரலில் வந்த பிரெஞ்சு ஆணை எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் கொடுத்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். 1963-இல் வந்த புதுச்சேரி சட்டங்கள் ஒழுங்குமுறை வழியாக இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் பலவும் இங்கே அமலாயின. அப்படி, பிரெஞ்சுச் சட்டத்தில் வளர்ந்த நம் ஊருக்கும் 'வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்த விபத்து' என்ற அதே சொற்றொடர் வந்து சேர்ந்தது.

இதற்கிடையே நம் ஊர் மாறிவிட்டது. மில்களின் சங்கு நின்றுவிட்டது. இன்று காலை ஏழு மணிக்குச் சாரம் காமராஜ் சாலையில் நின்று பாருங்கள். கோரிமேடு ஜிப்மருக்கும், அரசு மருத்துவமனைக்கும், ஊரைச் சுற்றியுள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கும், சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களுக்கும் டூட்டிக்குப் போகிறவர்கள் பஸ்ஸிலும் ஸ்கூட்டியிலும் போய்க்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு மில் எப்படியோ, இன்றைக்கு மருத்துவமனை அப்படி. ஆனால் வேலையில் அடிபட்டால் என்ன உரிமை என்பது மில் தொழிலாளிக்குத் தெரிந்த அளவு இவர்களுக்குத் தெரியாது.

*

அருணா ஷான்பாக் என்ற பெயரைப் பலர் கருணைக்கொலை வழக்கின் பெயராகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது ஒரு தொழிலாளியின் வழக்கும்கூட என்பதை மறந்துவிடுகிறோம்.

கர்நாடகக் கடலோரத்து ஹல்திப்பூரிலிருந்து மும்பைக்குப் போய், கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். 1973 நவம்பர் 27 அன்று வேலை முடிந்து உடை மாற்றப் போன இடத்தில், அதே மருத்துவமனையின் துப்புரவு ஊழியர் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்தார், பாலியல் வன்முறையும் செய்தார். வேலை விஷயத்தில் அவரை அருணா கண்டித்திருந்தார், அந்த வன்மம். மூளைக்கு ரத்தம் போகாமல் அருணா நினைவிழந்தார். குற்றவாளிக்குக் கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் சேர்த்து ஏழு ஆண்டு தண்டனை. பாலியல் குற்றம் வழக்கிலேயே சேர்க்கப்படவில்லை. அவர் தண்டனை முடிந்து வெளியே போனார். அருணா படுக்கையிலேயே இருந்தார். 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறக்கும் வரை, 41 ஆண்டுகளுக்கு மேல்.

அத்தனை ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டியதும், ஊட்டியதும், புரட்டிப் படுக்க வைத்ததும் அந்த மருத்துவமனையின் செவிலியர்கள். ஒரு தலைமுறை ஓய்வு பெற, அடுத்த தலைமுறை வந்து தொடர்ந்தது. 1980-களில் படுக்கை வேண்டும் என்று மாநகராட்சி அவரை வேறிடத்துக்கு மாற்ற இரண்டு முறை முயன்றது. செவிலியர்கள் எதிர்த்து நின்றார்கள். மாநகராட்சி பின்வாங்கியது. 2011 மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்தச் செவிலியர்களை மனமாரப் பாராட்டுகிறது.

பாராட்டு நியாயம். ஆனால் யோசியுங்கள். அருணாவுக்குக் கிடைத்த பாதுகாப்பு சட்டம் தந்த உரிமையாக வரவில்லை. சக ஊழியர்களின் மனசாட்சியாக வந்தது. அந்த வார்டில் அப்படிப்பட்ட மனிதர்கள் இல்லாதிருந்தால்? படுக்கையை விட்டுக் கிளம்பு என்று சொன்னபோது எதிர்த்து நிற்க ஆளில்லாதிருந்தால்? வேலையில் அடிபட்டவரின் வாழ்வு, உடன் வேலை செய்பவர்களின் நல்ல மனதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. அதற்காகத்தானே 1884-லிருந்து இத்தனை சட்டங்கள்.

*

ட்ரிம் ஆசிரியர் வழக்கின் விதி இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒலித்தது 2000-இல். நாகாலாந்தின் திமாப்பூரில் ஓர் ஆட்டோ ஓட்டுநர். 1995-இல் பயணிகளாக ஏறியவர்கள் அவரைக் கொன்று ஆட்டோவைக் கொண்டுபோனார்கள். ரீட்டா தேவி வழக்கு என்று பெயர். காப்பீட்டு நிறுவனம் சொன்னது: இது கொலை, விபத்தல்ல. உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய எஞ்சின் ஓட்டுநர், காசாளர், ஆசிரியர் வழக்குகளையெல்லாம் எடுத்துக் காட்டி, ஒரு பாகுபாடு சொன்னது. ஒருவரைக் கொல்வதே முதல் நோக்கம் என்றால் அது வெறும் கொலை. வேறொரு குற்றத்தைச் செய்யும் போக்கில் கொலை நடந்தால், அது விபத்தாய் நேர்ந்த கொலை. பயணியை ஏற்றிப் போவது ஓட்டுநர் வேலை, ஆட்டோவைத் திருட வந்தவன் கையில் அவர் இறந்தது அந்த வேலையால் வந்தது. நட்டஈடு கொடு.

இது மோட்டார் வாகனச் சட்ட வழக்கு. ஆனால் விபத்து என்ற சொல்லுக்கு அங்கே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் பொருளையே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே சொந்தப் பகையில் தெருவில் அடித்தால் வேறு கதை. வார்டில் ஊசி போடப் போனவரை, 'எங்கப்பாவைச் சரியாப் பார்க்கலை' என்று அடித்தால், அந்த அடி அவர் பார்த்த வேலைக்காக விழுந்த அடி. அதை விபத்தல்ல என்று யாராவது சொன்னால், 1914-லேயே இதற்குப் பதில் சொல்லியாயிற்று என்று நாம் சொல்லலாம்.

*

சரி, எந்தச் சட்டத்தில் கேட்பது? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அரசுச் செவிலியர் என்றால் அவருக்குப் பணிவிதிகள் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1939-லேயே அசாதாரண ஓய்வூதிய விதிகள் வந்தன. வேலை காரணமான ஊனத்துக்கும் சாவுக்கும் தனி ஓய்வூதியம் தரும் ஏற்பாடு அது.

தனியார் மருத்துவமனை என்றால் முக்கியமானது இ.எஸ்.ஐ. 1948-இல் சட்டம், 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம். முதலில் ஆலைகளுக்கு மட்டும். பிறகு பல மாநிலங்களில் தனியார் மருத்துவமனைகளும் பள்ளிகளும் உள்ளே வந்தன. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். வேலையில் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ 90 சதவீதம், ஊனம் நிரந்தரமானால் அதன் அளவுக்கேற்ப மாதாமாதம், இறந்தால் குடும்பத்துக்கு. இன்னொரு நல்ல விஷயம் அந்த 1948 சட்டத்தின் 51-ஏ பிரிவில் இருந்தது. வேலை நேரத்தில் விபத்து நடந்தால், மாற்றுச் சாட்சியம் இல்லாதவரை, வேலை காரணமாகவே நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் வராதவர்களுக்கு 2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 2009 திருத்தத்துக்குப் பிறகு அதன் பெயர் ஊழியர் நட்டஈட்டுச் சட்டம். அதிலும் பட்டியலுக்குள் வர வேண்டியிருந்தது. கணக்கு எப்படி என்று ஒரு உதாரணம் போடுகிறேன். முப்பது வயதுக்காரர் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். ஆனால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் எடுப்பது 15,000 ரூபாய்தான். 2020 ஜனவரியில் உயர்த்திய வரம்பு அது. 7,500 பெருக்கல் 207.98, ஆக 15,59,850 ரூபாய். உயிருக்கு விலை இல்லை. ஆனால் அடுப்பு எரிய வேண்டிய வீட்டுக்கு இந்தத் தொகை பெரிது.

இந்தச் சட்டங்களை எல்லாம் ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதிலும் 'வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்த விபத்து' என்ற பழைய சொற்றொடர் அப்படியே இருக்கிறது.

சட்டம் இருந்தும் பணம் ஏன் வருவதில்லை? என்னிடம் படித்த ஒரு பெண் செவிலியர். எங்கே என்று சொல்லமாட்டேன். இரவு டூட்டியில் ஒரு நோயாளியின் உறவினர் தள்ளிவிட்டதில் மணிக்கட்டு முறிந்தது. நிர்வாகம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டது, கட்டுப்போட்டதற்குப் பணம் வாங்கவில்லை. ஆனால் விபத்துப் பதிவேட்டில் எழுதவில்லை, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பவில்லை. 'எதுக்கும்மா போலீஸ், கேஸுன்னு, ஆஸ்பத்திரி பேரு கெடும்' என்றார்கள். அந்தப் பெண்ணும் சரியென்று விட்டுவிட்டாள். விடுப்பு எடுத்த நாட்கள் சம்பளமில்லா விடுப்பாகப் போயின. எட்டு மாதம் கழித்து வந்து, 'சார், கை முழுசாத் திரும்ப மாட்டேங்குது, நோயாளியைத் தூக்க முடியலை' என்றாள். அப்போது காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இல்லை.

*

மருத்துவமனை வன்முறைக்கென்றே தனிச் சட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. 2008-இல் ஆந்திரமும் தமிழ்நாடும் சட்டம் போட்டன. பிறகு பல மாநிலங்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தில் பத்தாண்டு வரை சிறை உண்டு. கடுமையான தண்டனைதான். ஆனால் ஆந்திரச் சட்டத்தைக் கவனித்துப் படித்தால் ஒன்று உறுத்தும். உடைத்த மருத்துவக் கருவியின் விலையைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கருவிக்கு இரு மடங்கு. கருவி பக்கத்தில் நின்று அடிபட்ட சிஸ்டரின் கைக்கு? அந்தக் கணக்கு அங்கே இல்லை.

மனிதர் காயத்துக்கும் நட்டஈடு என்று எழுதியது கொரோனா காலத்தில். சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்களே, 2020 ஏப்ரல் 19 இரவு, மறக்க முடியுமா? மூன்றே நாளில், ஏப்ரல் 22 அன்று, தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. செப்டம்பரில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. மருத்துவப் பணியாளரைக் காயப்படுத்தியவர் தண்டனையோடு அவருக்கு நட்டஈடும் தர வேண்டும், தராவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். நல்ல முன்னேற்றம். ஆனால் அது தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டும். சாதாரண நாளில் விழுந்த அடிக்கு அது பொருந்தாது.

அதைவிட முக்கியமான கேள்வி, பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பது. இந்தத் திருத்தம் அடித்தவன் பையைக் காட்டுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அடித்தவன் அன்றாடங்காய்ச்சி என்றால்? ஆள் யாரென்றே தெரியாவிட்டால்? பராமரிப்பு வேலையில் இன்னொன்றும் உண்டு. பல நேரம் அடிக்கிறவர் நோயாளியே. மறதி நோயில் இருக்கும் பெரியவர், குடிநிறுத்தத்தில் பிதற்றுகிறவர், மனநோய் முற்றியவர். அவர்கள் குற்றவாளிகள் அல்லர், சட்டமும் அவர்களைத் தண்டிக்காது. தண்டிக்கவும் கூடாது. அப்படியானால் கடிபட்ட, அடிபட்ட ஆயாம்மா யாரிடம் போவார்?

அதனால்தான் ட்ரிம் வழக்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. கெல்லியின் குடும்பம் அந்த ஏழைப் பையன்களிடம் பணம் கேட்கவில்லை. வேலை கொடுத்தவரிடம் கேட்டது. தண்டனை என்பது அடித்தவனோடு தீரும் கணக்கு. நட்டஈடு என்பது வேலையோடு தீர வேண்டிய கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், குற்றவழக்கு முடிய ஆகும் பத்து வருடமும் அடிபட்டவர் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவதாக அரசின் பையும் உண்டு. 2008-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 357-ஏ பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 396-ஆம் பிரிவு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசே நிதி வைத்து உதவும் திட்டம். குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் சட்டப்பணிகள் ஆணையத்திடம் மனுச் செய்யலாம்.

*

கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்ட் 9 அன்று பணியிலிருந்த பயிற்சி மருத்துவருக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. 2025 ஜனவரி 20 அன்று சியால்டா நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, மாநில அரசு குடும்பத்துக்கு 17 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. அவர் வேலை செய்யும் இடத்திலேயே இறந்ததால் அது அரசின் பொறுப்பு என்ற கருத்தின் மேல் நின்ற உத்தரவு. பெற்றோர் எங்களுக்குப் பணம் வேண்டாம், நீதி வேண்டும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்கள்.

அந்தப் பெற்றோரை யாரும் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் நட்டஈடு என்றாலே வாயடைக்கக் கொடுக்கும் பணம் என்று ஆகிவிட்டது. அமைச்சர் வருவார், காசோலை கொடுப்பார், படம் எடுப்பார்கள். அது கருணைத் தொகை. நான் இங்கே பேசுவது வேறு. யார் ஆட்சியில் இருந்தாலும், செய்தியில் வந்தாலும் வராவிட்டாலும், சாகாமல் உயிரோடு இருந்து கை மட்டும் முடங்கினாலும், கேட்டு வாங்கும் உரிமை. பெரிய கொடுமைக்கு நாடே திரளும். மணிக்கட்டு முறிவுக்கு யாரும் திரள மாட்டார்கள். அங்கேதான் உரிமை தேவை.

இந்த உரிமை இன்னும் எட்டாத இடங்களும் இருக்கின்றன. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள நம் வீடுகளுக்கு வருகிறார்களே, ஏஜென்சி மூலம் வரும் பெண்கள், அவர்களுக்குப் பல இடங்களில் நியமனக் கடிதம்கூட இல்லை. கொரோனாவில் வீடு வீடாகப் போய்த் திட்டும் அடியும் வாங்கிய ஆஷா பணியாளர்களை அரசு ஊழியர் என்று சொல்வதில்லை, தன்னார்வலர் என்கிறது. அப்போது அறிவித்த 50 லட்ச ரூபாய்க் காப்பீட்டில் அவர்களையும் சேர்த்தது நல்லதுதான். ஆனால் அது கொரோனாச் சாவுக்காகத் தொடங்கியது.

உலகத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் வேலையிட வன்முறைக்கு எதிரான 190-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. கூடவே வந்த பரிந்துரை, எந்தெந்த வேலைகளில் வன்முறை அதிகம் என்று பெயர் சொல்கிறது. இரவு வேலை, தனியாகச் செய்யும் வேலை, மருத்துவம், சமூகப் பணி, வீட்டு வேலை, கல்வி என்று அந்தப் பட்டியல் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு உடல் காயத்துக்கு மட்டுமின்றி மனக்காயத்துக்கும் நட்டஈடு கிடைக்க வேண்டும் என்கிறது. இந்தியா அதில் இன்னும் கையெழுத்திட்டு ஏற்கவில்லை.

*

படித்த பிள்ளைகளுக்கு வழக்கம்போல வீட்டுப்பாடம் கொடுத்து முடிக்கிறேன். மருத்துவமனையிலோ பராமரிப்பு வேலையிலோ இருப்பவர்கள் இதை மட்டும் செய்யுங்கள்.

அடி சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நீங்களே ஒரு கடிதம் எழுதி, தேதி போட்டு, ஒப்புகை வாங்குங்கள். சிகிச்சைச் சீட்டில் 'வழுக்கி விழுந்ததால்' என்று எழுத விடாதீர்கள், 'பணியில் தாக்கப்பட்டதால்' என்று எழுதச் சொல்லுங்கள். பார்த்தவர் இரண்டு பேரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. எண் இருந்தால் விபத்து அறிக்கை போயிற்றா என்று கேளுங்கள். போலீஸ் புகார் வேறு, நட்டஈட்டு மனு வேறு. ஒன்றை விட்டுக்கொடுத்தாலும் மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அடித்த நோயாளியை நீங்கள் மன்னிக்கலாம். உங்கள் நட்டஈட்டை மன்னிக்க வேண்டாம்.

மருத்துவமனை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒன்று. மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டுவது நீங்கள்தான். அந்தப் பணம் இந்த நாளுக்காகத்தான். ஒரு அறிக்கை அனுப்புவதால் பேர் கெடாது.

உங்களுக்குத் தெரிந்த சிஸ்டர், ஆயாம்மா, அட்டெண்டர் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். தமிழ் படிக்க நேரமில்லாதவருக்கு, கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.


சாரம், புதுச்சேரி.